கயிறு பிடிக்க ஓர் ஆள்

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில், திருவண்ணாமலை போகிற பஸ்ஸைத் திண்டிவனம் பஸ் என்று மைக்கில் அறிவித்துவிட்டார் அன்புச்செல்வன்.

உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். திண்டிவனம் போக வேண்டியவர்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டபோதுதான் அன்புச்செல்வனுக்கு உறைத்தது. மறுபடி மைக்கை எடுத்துச் சரியான ஊரைச் சொன்னார். இறங்கியவர்கள் ஏறினார்கள், ஏறியவர்கள் இறங்கினார்கள். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் மட்டும் இறங்கவே இல்லை. அவர் எங்கே போக வேண்டியவரோ, தெரியவில்லை.

டைம் கீப்பர் வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவர் ஊரை மாற்றிச் சொன்னதில்லை. இன்றைக்கு மனசு பஸ் ஸ்டாண்டில் இல்லை. முந்தின நாள் சாயந்திரம் மகள் கேட்ட கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"நைனா, நீ வரியா? எனக்குக் கயிறு புடிக்க?"

கேட்டவள் கலைமதி. சென்னையில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. சனி, ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவாள். விளையாட்டாக ஒரு ஜிம்மில் செயற்கைச் சுவர் ஏறத் தொடங்கியவள், இப்போது பாறை ஏறாவிட்டால் அந்த வாரம் முழுக்க எதையோ தொலைத்த மாதிரி இருப்பாள்.

தாய்லாந்தில் கிராபி என்று ஒரு கடற்கரை ஊர். தென்னையும் வெள்ளை மணலும், மணலை ஒட்டியே வானத்துக்கு எழும்புகிற சுண்ணாம்புப் பாறைகளும் உள்ள இடம். தை மாதத்தில் அங்கே போய் ஏறுவது என்று அவளும் கூட ஏறுகிற தோழி அவலூர்பேட்டை அன்புக்கரசியும் ஒரு வருஷமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். போன வாரம் அன்புக்கரசி போன் செய்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டாள். புது வேலையில் சேர்ந்திருக்கிறாள். தை மாதத்தில் லீவு கிடையாதாம்.

பாறையில் ஏறுகிறவளுக்குக் கீழே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஏற ஏறக் கயிற்றை இழுத்துச் சேர்த்து, கை நழுவி விழுந்தால் அப்படியே நிறுத்திப் பிடிக்க வேண்டும். காசுக்குக் கயிறு பிடிக்க அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முகம் தெரியாதவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத் தன்னால் ஏற முடியாது என்று கலைமதி சொல்லியிருந்தாள். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அன்புச்செல்வன் தட்டிலிருந்து எழுந்துகொண்டார். கையைக் கழுவிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

காரணம் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அவர் பஸ் டிரைவர். அவலூர்பேட்டை ரூட்டில் அவர் ஓட்டின தனியார் பஸ்ஸில் ஏறினால் கையில் வைத்திருக்கும் டீ தளும்பாது என்று ஜனங்கள் சொல்வார்கள். ஒரு மழை நாளில், ஒரு வளைவில், எதிரே வந்த பைக் சறுக்கிக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டது. ஓட்டிவந்த வாலிபன் பிழைக்கவில்லை. டிரைவர் மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. பையனின் வீட்டாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

அவர்தான் தன்னை விடவில்லை. பிரேக்கை மிதித்த கால் ஒரு கண் இமைப்பு நேரம் தாமதித்ததோ என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷம் வீட்டில் அவர் பேசின பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பிறகு எந்த வண்டியின் கைப்பிடியையும் அவர் தொட்டதில்லை. பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் யாராவது ஒருவரின் பின்னால் உட்கார்ந்துதான் போவார்.

அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் மகள் தன் உயிரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள்.

காலை ஷிப்ட் முடிந்து சக்கராபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு அவர் நடந்து வந்தபோது, ஹாலை அடைத்துக்கொண்டு நீலக் கயிறு கிடந்தது. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கலைமதி அதை விரல்களுக்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டிருந்தாள். எங்காவது நைந்திருக்கிறதா, உள்ளே மெத்தென்று அமுங்குகிறதா என்று ஒவ்வொரு தடவை ஏறுவதற்கு முன்னாலும் தடவிப் பார்த்துவிட வேண்டுமாம்.

சமையலறையில் கலைச்செல்வி கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கவிச்சி கிடையாது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூறு பிள்ளைகள் சத்தம் போட்டாலும் அசராதவள். இன்றைக்குக் கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தமே ஒரு மாதிரி இருந்தது. தாயும் மகளும் காலையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை என்பது வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கயிற்றின் இன்னொரு முனையைத் தேடி எடுத்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்து, அவரும் உருவத் தொடங்கினார்.

கலைமதி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். அந்த ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்டார். சென்னையிலிருந்து விமானம் ஏறி பாங்காக், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் கிராபி, அதற்கப்புறம் நீள வால் வைத்த மாதிரி இன்ஜின் பொருத்திய மரப் படகில் பாறைக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னாள். அந்தக் கடற்கரைக்குச் சாலையே கிடையாது. மூன்று பக்கமும் பாறை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"அப்ப பஸ்ஸே போகாதா?"

"போகாது நைனா."

பஸ் போகாத ஊரைப் பற்றி அவர் சற்று நேரம் யோசித்தார். அவருக்கு அது ஆச்சரியமாகவும், எப்படியோ ஆறுதலாகவும் இருந்தது.

தை மாதம் ஏன் என்று கேட்டார். இப்போது அங்கே மழைக்காலம். கார்த்திகை பிறந்த பிறகுதான் வானம் வெளுக்கும், தையில் பாறை காய்ந்து ஏறுவதற்கு வாகாக இருக்கும் என்றாள். அவளுடைய போனில் படங்களைக் காட்டினாள். பாறையிலிருந்து விழுதுகள் மாதிரி கல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் கடல் பச்சைப் பாட்டில் நிறத்தில் கிடந்தது. கல்லில் அடித்திருந்த வளையங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார் அவர். பஸ்ஸோடு பழகின புத்தி அங்கேதான் போய் நின்றது.

"கடல் காத்துல இரும்பு நிக்காதே. மரக்காணம் ரூட்டு வண்டிங்க அடிப்பக்கம் பூரா பொரிஞ்சி கிடக்கும். இதுல போயி கயித்த மாட்டினா?"

"மொதல்ல அப்படித்தான் நைனா இருந்துச்சாம். துரு புடிச்சு உடைஞ்சு போயி, அதுக்கப்புறம் டைட்டானியத்துல போட்டுட்டாங்க. அது அரிக்காது. எந்தப் பாறையில புதுசு, எதுல பழசுன்னு பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுத்து வெச்சிருக்கேன்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. மகள் அவசரக் குடுக்கை இல்லை என்று தெரிந்துகொண்டதில் ஒரு நிம்மதி.

இந்தச் செஞ்சியில் இல்லாத பாறையா, அதற்கு எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று கடைசியாகக் கேட்டார். கோட்டைப் பாறைகளில் கயிறு போட அனுமதி கிடையாது, நம் ஊர்ப் பாறை வழவழப்பு, அந்தப் பாறையில் விரல் நுழைகிற ஓட்டைகள், ஏறுகிற விதமே வேறு என்று சொல்லிக்கொண்டே போனவள், "அப்புறம்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டாள். சமையலறையில் கரண்டிச் சத்தமும் அதே நேரத்தில் நின்றது.

"அப்புறம் இன்னா?"

"ஒன்னும் இல்ல நைனா. கடல்தான்."

கலைச்செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசற்படிக்கு வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துத்தான் பேசினாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"மலை ஏறுறத நான் வேணாம்னு சொல்லல. அது அவ ஆசை, ஏறட்டும். நீங்க புடிக்கறதுதான் வேணாங்கறேன். உங்க கையில இருக்கறப்போ அவளுக்கு ஒன்னு ஆச்சுன்னா, நான் ஒருத்திய மட்டுமா இழப்பேன்? உங்களையும் சேத்துல்ல இழப்பேன். அந்த ஒரு வருஷத்த நான்தான் பார்த்தேன். இவ ஹாஸ்டல்ல இருந்தா. இவளுக்கு இன்னா தெரியும்?"

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அவள் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. தான் மட்டுந்தான் அதில் கிடந்து உழன்றதாக இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் ஒருத்தி தினமும் சோறு வடித்துக்கொண்டே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கலைமதி கயிற்றைக் கீழே வைத்தாள். வேண்டாம் நைனா, வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேசினார்.

"செல்வி, நீ சொல்றது சரி. ஆனா வேணாம்னு சொல்றதுக்காவது எனக்குத் தெரியணும்ல, கை எப்படி இருக்குதுன்னு. இன்னிக்குப் பாறையில ஒரு தடவ புடிச்சுப் பார்க்கறேன். ஒத்துக்கலன்னா நானே இவகிட்ட சொல்லிடறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வேணாம்."

கலைச்செல்வி உள்ளே போனாள். சாப்பாடு போட்டாள். மூன்று பேரும் பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். கத்தரிக்காயில் உப்பு கூட. அதையும் யாரும் சொல்லவில்லை.

வெயில் கொஞ்சம் சாய்ந்த பிறகு கலைமதி ஸ்கூட்டரை எடுத்தாள். அன்புச்செல்வன் பின்னால் உட்கார்ந்து கயிற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அவலூர்பேட்டை சாலையில் கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் மண் பாதையில் திரும்பினால் ராமகிருஷ்ணனின் கொல்லை. அந்தக் காலத்தில் அன்புச்செல்வனின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். நிலக்கடலை பிடுங்கி முடித்த கொல்லையின் ஓரத்தில், யாரோ கொண்டுவந்து நிறுத்தி வைத்த மாதிரி ஒரு பாறை, மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. எப்போது வேண்டுமானாலும் வந்து ஏறிக்கொள், ஆடுகளை மட்டும் மிரட்டாதே என்று கலைமதிக்கு அவர் அனுமதி கொடுத்திருந்தார்.

ராமகிருஷ்ணன் அங்கே இல்லை. கடலை மூட்டைகளோடு செஞ்சிக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னார்.

பாறையின் முதுகுப் பக்கம் சரிவாக இருந்ததால் கலைமதி அந்த வழியாக நடந்தே உச்சிக்குப் போனாள். அங்கே இருந்த பெரிய கல்லைச் சுற்றி நாடாக்களைக் கட்டி, கொக்கிகளை மாட்டி, கயிற்றை அவற்றில் நுழைத்து இரண்டு முனைகளையும் கீழே விட்டாள். இறங்கி வந்து ஒரு முனையைத் தன் இடுப்புப் பட்டையில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அடுத்து அப்பாவுக்கு இடுப்புப் பட்டை மாட்ட வேண்டியிருந்தது. தொடையைச் சுற்றி வாரை இறுக்கினபோது அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ஆடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

கயிற்றின் மறுபக்கம் அவர் இடுப்பில் தொங்கின ஒரு சின்ன அலுமினியக் கருவிக்குள் நுழைந்து வெளியே வந்தது. அவள் சொல்லிக்கொடுத்தாள். மேலே ஏறுகிறவள் ஓர் அடி ஏறினால் இங்கே ஓர் அடி இழுக்க வேண்டும். இடது கை மேலே, வலது கை கீழே. இழுத்ததும் வலது கையைத் தொடைப் பக்கம் தாழ்த்தினால் கயிறு கருவியில் மடங்கி நின்றுவிடும். யார் கூப்பிட்டாலும், கொசு கடித்தாலும், தேளே ஏறினாலும் வலது கை மட்டும் கயிற்றை விடக் கூடாது.

"அந்தக் கைதான் நைனா பிரேக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தரையிலேயே அவளை முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பல தடவை பழகிப் பார்த்தார். கை வேகமாகக் கற்றுக்கொண்டது. உடம்புதான் கேட்கவில்லை. வலது கால் தன்னால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

கலைமதி ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். புதிதாகப் பிடிக்கிறவருக்குப் பின்னால், கயிற்றின் வால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இன்னோர் ஆள் நிற்க வேண்டும். முதல் ஆள் தவறவிட்டாலும் அந்த ஆள் நிறுத்திவிடலாம். ராமகிருஷ்ணன் மாமா பிடிப்பார் என்று நினைத்து வந்திருந்தாள். இப்போது அவருக்காகக் காத்திருப்பதா, திரும்பிப் போவதா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது மண் பாதையில் ஒரு ஷேர் ஆட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

கலைச்செல்வி இறங்கினாள். வீட்டில் கட்டியிருந்த அதே புடவை. கையில் தண்ணீர் பாட்டில்.

அன்புச்செல்வன், நிறுத்தத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். நிறுத்தினால் நல்லது என்றும் மனசின் ஒரு மூலை சொன்னது.

அவள் நேரே அவரிடம் வரவில்லை. மகளைக் கையைப் பிடித்து வேப்ப மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே நின்று இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. கலைச்செல்வி ஒரு விரலை நீட்டி எதையோ அழுத்தமாகச் சொன்னாள். கலைமதி மாட்டேன் என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிறகு சரி என்பது போலவும் ஆட்டினாள். கட்டிப்போட்ட ஆடு மாதிரி கயிற்றின் முனையில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கலைமதியின் கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"அம்மா பின்னால புடிக்கறேங்குது நைனா."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"வீட்ல ஒக்காந்து ரோட்டைப் பார்த்துனு இருக்கறதுக்கு இங்க நின்னு புடிக்கறது மேல்" என்றாள் கலைச்செல்வி. "பள்ளிக்கூடத்துல அரிசி மூட்ட தூக்குற கைதான் இது. எங்க புடிக்கணும், காட்டு."

கலைமதி காட்டினாள். கலைச்செல்வி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு கணவருக்குப் பின்னால் இரண்டு எட்டு தள்ளி, கயிற்றின் வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாறை ஏறுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் ஒருவர் முடிச்சை ஒருவர் சரிபார்க்க வேண்டும். கலைமதி அப்பாவின் கருவியை இழுத்துப் பார்த்தாள். அவர் அவளுடைய முடிச்சை ஒரு தடவைக்கு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். அவள் இடுப்பில் இருந்த பையிலிருந்து, வழுக்காமல் இருக்க, வெள்ளைத் தூளைக் கையில் தடவிக்கொண்டாள். பாறையைத் தொட்டாள்.

ஏறினாள்.

அவள் ஏறுவதை அவர் இதற்கு முன் பார்த்திருந்தது போன் வீடியோக்களில்தான். நேரில் அவள் வேறு மாதிரி இருந்தாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் கால் விரலை ஊன்றினாள். உடம்பைக் கல்லோடு ஒட்டவைத்து, கொஞ்சம் யோசித்து, மெல்ல நிமிர்ந்தாள். அவள் நிமிர்கிற ஒவ்வொரு தடவையும் கயிறு தளர்ந்தது. அவர் இழுத்தார், தாழ்த்தினார், இழுத்தார், தாழ்த்தினார். சற்று நேரத்தில் அவளுடைய அசைவு கயிற்றின் வழியாகவே அவர் கைக்கு வந்தது. அவள் தயங்கினால் தெரிந்தது. கால் மாற்றினால் தெரிந்தது. சின்ன வயசில் கைபிடித்து பஜாருக்குக் கூட்டிப்போன நாட்களுக்குப் பிறகு மகளை இவ்வளவு கிட்டத்தில் அவர் உணர்ந்ததில்லை.

பாதிக்கு மேல் போனதும் அவள் நின்றாள்.

"நைனா, இப்ப நான் கைய விடப் போறேன். வேணும்னேதான். நீ புடிக்கணும்."

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவள் கேட்டுக்கொள்வாள். பின்னால் கலைச்செல்வியின் மூச்சு கேட்டது.

"விடு" என்றார்.

அவள் விட்டாள்.

கயிறு விண்ணென்று இழுத்தது. அவர் இரண்டு குதிகாலும் மண்ணிலிருந்து எழும்பின. ஒரு கணம் நுனிக்காலில் நின்றார். பின்னாலிருந்து கலைச்செல்வி வாலை இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான். மேலே கலைமதி பாறையில் காலை ஊன்றி, தொட்டிலில் கிடக்கிற மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தாள்.

வலது கை எங்கே இருக்கிறது என்று அவர் குனிந்து பார்த்தார். தொடையை ஒட்டி, கயிற்றை முறுக்கிப் பிடித்தபடி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவர் நினைப்பதற்கு முன்னாலேயே அது அங்கே போயிருந்தது. தாமதிக்கவில்லை.

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.

"சரியா புடிச்சனா?" என்று கேட்டார். மகளைக் கேட்டாரா, மனைவியைக் கேட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"புடிச்சிட்டீங்க" என்றாள் பின்னாலிருந்து கலைச்செல்வி. அவள் குரலும் ஈரமாக இருந்தது.

கலைமதி மறுபடி பாறையைப் பிடித்து ஏறினாள். உச்சிக்குப் பக்கத்தில் போனதும் கயிற்றில் உட்கார்ந்து ஓய்வெடுத்தாள். அங்கிருந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை நன்றாகத் தெரியும். ஆனால் அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கீழே அம்மாவைப் பார்த்தாள். கலைச்செல்வி, சொல்லு என்பது போல முகவாயை அசைத்தாள்.

"நைனா, உன்கிட்ட ஒன்னு சொல்லணும். கைய மட்டும் எடுத்துடாத."

"சொல்லு."

"அந்த ஊர்ல இனியன்னு ஒருத்தர் இருக்காரு. நம்ம திண்டிவனத்துக்காரரு. அங்க ஒரு ஓட்டல்ல சமையல் வேலையில இருக்காரு. சென்னையில இருந்தப்போ பழக்கம்." ஒரு மூச்சு விட்டாள். "நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீ அவரப் பார்க்கணும். போன்ல சொல்லி, படத்தக் காட்டி எல்லாம் வேணாம்னு தோணுச்சு. பக்கத்துல ஒக்காந்து, அவர் கையால சாப்ட்டுட்டு, அப்புறம் நீ சொல்லணும். அன்புக்கரசி வரலன்னு சொன்னதும் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

அன்புச்செல்வன் அண்ணாந்து நின்றார். வெயில் கண்ணில் அடித்தது. கோபம் வருகிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தார். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. எழுந்து தெருவுக்குப் போய்விட முடியாத நிலைமையில் மனுஷனுக்குக் கோபம் கூட நிதானமாகத்தான் வருகிறது.

"அந்த ஊர்லயே இருக்கறவன்தான? அவனே கயிறு புடிக்கலாமே" என்றார்.

"அவருக்கு உயரம்னா பயம் நைனா. நான் ஏறுறத அண்ணாந்து பார்த்தாலே தலை சுத்துதுன்னு திரும்பி நின்னுக்குவாரு."

பின்னாலிருந்து சிரிப்பை அடக்குகிற சத்தம் வந்தது. அவர் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"ஆடி மாசத்துலேருந்து தெரியும். உங்ககிட்ட சொல்லாம ஊரத் தாண்டக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். இங்க வந்ததே அதுக்குத்தான்" என்றாள் கலைச்செல்வி. "முன்னால பாருங்க. புள்ள தொங்கினு இருக்குது."

அவர் முன்னால் பார்த்தார். கயிறு அப்படியே இருந்தது. கை அப்படியே இருந்தது.

பையனுடைய வீட்டில் தெரியுமா என்று கேட்டார். மேலே கலைமதி பாறையில் எதையோ நகத்தால் சுரண்டினாள்.

"இன்னும் சொல்லல. அவங்க நைனாவால ஒரு சிக்கல் இருக்குது."

"இன்னா சிக்கல்?"

"கீழ இறக்கிவுடு நைனா. வந்து சொல்றேன்."

அன்புச்செல்வன் கால்களை அகட்டி வாகாக நின்றுகொண்டார். வலது கையைத் தொடையோடு சேர்த்து இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"நான் நல்லாத்தான் புடிச்சினு இருக்கேன்" என்றார். "அங்கேருந்தே சொல்லு."